ராமையா குத்திய பத்து வெள்ளி

பீடோங், கெடா
புதன்கிழமை

அன்பு மகள் கலைமகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நீ சரவாக்கிலிருந்து அனுப்பிய கேக்தான் காரணம், அதனால் என்னைத் திட்டாதே. கடிதம் என்றதும் பயந்துவிடவும் வேண்டாம். போனில் சொன்னால் உன் காப்பிட் காட்டில் லைன் பாதியில் அறுந்துவிடும். இந்தச் செய்தி பாதியில் நிற்கக் கூடாது.

பள்ளி ஆண்டு விருந்துக் குலுக்கலில் எனக்குப் பரிசு விழுந்தது. சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவளுக்கு ஒரு ரைஸ் குக்கர் விழக் கூடாதா? மெர்போக் ஆற்றில் மாலை நேரப் படகுச் சுற்றுலாவுக்கு இரண்டு டிக்கெட். படகிலேயே ஜாஸ் கச்சேரியாம். நீ தினமும் பாடம் நடத்தப் பள்ளிக்குப் படகில் போக வேண்டியிருக்கிறதே என்று திட்டுகிறாய், இங்கே உன் அம்மாவுக்கு அதுவே பரிசு.

பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காவும் நானும் போவதாக ஏற்பாடு. படகுத்துறையில் கொண்டுபோய் விட, பள்ளி வேன் ஓட்டும் ராமையாவைக் கேட்டிருந்தேன். ஐந்தாம் படிவம் வரை நீ அவர் வேனில்தானே போனாய். அவர் மனைவி காலமாகி ஆறு வருடமாகிறது. சனிக்கிழமை புறப்படும் நேரத்தில் செல்லாயி அக்கா முட்டி வலி என்று உட்கார்ந்துவிட்டார். ‘டிக்கெட்டு வீணாப் போவுது, ராமையா அண்ணனைக் கூட்டிட்டுப் போ லா’ என்று அவர்தான் எங்களை அனுப்பிவைத்தார். மறுநாள் காலையில் அதே முட்டியோடு அவர் காய்கறி வாங்கப் பாசாருக்கு விறுவிறுவென்று நடந்து போனதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆறு மணிக்குப் படகு கிளம்பியது. இரண்டு பக்கமும் சதுப்புக் காடு, தூரத்தில் ஜெராய் மலை, மேலே கழுகுகள். மேல்தளத்தில் மூன்று பேர் வாசித்தார்கள். சாக்சஃபோனோடு ஒரு சீனப் பெரியவர், டிரம்ஸில் ஒரு மலாய்க்காரர், ஆளைவிட உயரமான வயலின் மாதிரி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி இன்னொருவர். முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள், எங்கேயோ போய்ச் சந்தித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தச் சீனப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தனியாக வாசித்தார் பார், என் கால் என்னைக் கேட்காமலே தாளம் போட்டது.

நம் ஊர்க் கல்யாணங்களில் நாதஸ்வரக்காரர் நன்றாக வாசித்தால் என்ன செய்வோம்? ராமையா எழுந்து, ஊக்கு இருக்கிறதா என்று கேட்டார். நானும் யோசிக்காமல் துப்பட்டாவிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். நேராகப் போய் அந்தப் பெரியவர் சட்டையில் பத்து வெள்ளி நோட்டைக் குத்திவிட்டார்! ஊக்கைப் பார்த்த மனிதர் ஓரடி பின்னால் துள்ள, வாத்தியம் கீச்சென்று கத்தியது. படகே திரும்பிப் பார்த்தது. முதல் வரிசையில் நம் கோயில் தலைவர் பரஞ்சோதியும் அவர் மனைவியும் வேறு.

இது மரியாதை என்று புரிந்ததும் பெரியவர் ராமையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் மனைவிக்கு என்ன பாட்டு வேண்டும் என்று மைக்கிலேயே மலாயில் கேட்டார். ராமையா வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். மனைவி இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், கலை? அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும். நான் எழுந்து நின்று, சந்தோஷமாக ஏதாவது வாசியுங்கள் என்றேன்.

வாசித்தார்கள். பரஞ்சோதியின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று கை தட்டினேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் அப்பா போன இந்த ஒன்பது வருடமாக நாலு பேர் எதிரில் சிரிக்கக் கூச்சமாக இருக்கும். அன்று அதை மறந்தே போனேன்.

கச்சேரி முடிந்து வேனில் திரும்பினோம். பீடோங் வந்ததும், ‘மன்னிச்சிருங்க, நான்தான் இல்லேன்னு சொல்லியிருக்கணும்’ என்றார். நானும்தான் சொல்லவில்லையே என்றேன். வேனை ஓரமாக நிறுத்தினார். இனி இருக்கிற காலத்துக்கு நாம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாமா என்று கேட்டார். மகளைக் கேட்க வேண்டும் என்றேன். ‘கேளுங்க, அவசரமில்ல’ என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கம்போல வாயே திறக்கவில்லை. இருந்த காலத்திலும் எல்லா முடிவையும் என் தலையில்தானே கட்டினார். அவரை நான் மறக்கவில்லை, தங்கம். அவர் திவசத்துக்கு என் கையால்தான் சமைப்பேன். ராமையாவிடம் அதையும் சொல்லிவிட்டேன், சரி என்றார்.

ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. அதற்கு நான் பயப்படவில்லை. உன் முகம் வாடுமோ என்றுதான் நாலு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

~~~~~~~~~~~~~~~~

மேலே நான் அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே, நானே சொல்கிறேன். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று எழுதினேன். எழுதிப் பார்த்ததும் அது பொய் என்று தெரிந்தது.

பிள்ளைகள்தான் தாயிடம் ஆசி கேட்பார்கள். இந்த ஒரு தடவை அம்மா உன்னிடம் கேட்கிறேன். நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், கலை. என்னையும் நல்லா இரு என்று சொல்லு.

உன் அம்மா
தேவகி