குடத்துக்குள் பூசணி

ஆனி 12

இன்றும் சாரல். மூன்று வேட்டியும் ஈரம். ஆபீசுக்குக் கிழிசல்தான்.

கோமதி பிரசவத்துக்குத் தாய்வீடு இலஞ்சி போய் மூன்று மாதம். போகும்போது போட்ட உத்தரவு: புறவாசலைத் தினம் பெருக்க வேண்டும், கத்தரிக்குக் காலையில் இரண்டு குடம் தண்ணீர், மாலையில் இரண்டு குடம். ஒருநாள்கூடச் செய்யவில்லை. கத்தரி எப்போதோ பட்டுப்போனது. ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்கப் போனால், "தண்ணி ஊத்துதியளா?" என்பாள். "பின்னே!" என்பேன்.

எனக்குத் தண்ணீர் தெருக்குழாயில்தான்; ஒரு மாதத்துக்குப் பிறகு இன்று புறவாசல் கதவைத் திறந்தேன். அடடா! முழங்கால் உயரம் தண்டங்கீரை. நான் வீசிய அழுகல் தக்காளியிலிருந்து ஏழு செடி. வேலியெல்லாம் பாகல். கோமதி கிளம்பிய அன்று பூசணிக் குடலைக் கொட்டிய மூலையிலிருந்து ஒரு கொடி, கிணற்றடி வரை! நட்டது யார்? ஒருவருமில்லை. ஒரே குதூகலம். ஆபீசுக்கு அரை மணி லேட்.

ஆனி 25

கீரை கடைந்தேன். உப்பு கூடுதல். இருந்தும் சட்டியை வழித்துத் தின்றேன்.

பக்கத்து வீட்டு சுப்பையா அண்ணாச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். கொத்தி, எரு போட்டு, பாத்தி கட்டி மாடாய் உழைக்கிறவர். பாத்தியில் தண்ணீர் நின்று அவர் செடியெல்லாம் அழுகல்.

"என்னவே போடுதீரு?"

"ஒண்ணுமே போடல அண்ணாச்சி."

"சொல்ல மனசில்லன்னா விடும்."

பித்தளைக் குடத்தைக் காணோம். கோமதிக்கு அவள் வீட்டுச் சீர். கடைசியாக எங்கே பார்த்தேன்? அடுக்களை, பரண் எல்லாம் தேடியாயிற்று.

ஆடி 8

குடம் கிடைத்தது! கிணற்றடியில், இலைக்கடியில், அவள் வைத்த இடத்திலேயே சரிந்து கிடக்கிறது. வாய்க்குள் கொடி நுழைந்திருக்கிறது. உள்ளே எலுமிச்சை அளவில் ஒரு பிஞ்சு! கத்திக் கூப்பிட்டேன். சுப்பையா அண்ணாச்சி (இனி சு.அ.) வந்தார். "இங்கன பாருங்க" என்று விரலை நீட்டினேன்.

"விரல மடக்கும்வே! பிஞ்சச் சுட்டிக் காட்டுனா அழுகிரும்."

மடக்கினேன். அந்த ஒன்றைத் தவிர மற்றப் பிஞ்சுகள் எல்லாம் மழையில் உதிர்ந்துவிட்டன.

ஆடி 30

அழுகவில்லை. குடத்துக்குள் உருண்டு திரண்டு இருக்கிறது. இனி வெளியே வராது, வாய் சின்னது.

கோமதி ஆவணி பத்தாம் தேதி வருகிறாள். குடத்தைப் பார்த்தால் போதும், இத்தனை மாதப் பொய்யும் வெளியாகிவிடும்.

சு.அ. சொன்ன வழி: "கத்திய உள்ள விட்டுத் துண்டு துண்டா எடும். பொண்டாட்டி குடம்வே, வெளையாட்டா?"

ஆவணி 9

சவரம். வீடு கழுவினேன். சாம்பிராணி வாங்க மறந்தேன்.

கத்தியைத் தீட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தேன். உள்ளே கை விட்டேன். குளிர்ச்சி. விரலுக்கு வரிவரியாகத் தட்டுப்பட்டது. என் ஆயுளில் நான் விளைவித்த முதல் காய். நான் எங்கே விளைவித்தேன்! அதுவாக விளைந்தது. அதனாலேயே கை வரவில்லை. கத்தியை அடுக்களையில் வைத்துவிட்டேன். நடப்பது நடக்கட்டும். பயம். அதைவிட சந்தோஷம்.

ஆவணி 10

பத்து மணிக்கு வண்டி. குழந்தை தூக்கம். என்னிடம் கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேரே புறவாசலுக்குப் போனாள். பின்னாலேயே நான்.

தக்காளியைப் பார்த்தாள். பாகலைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"இந்தக் குடத்துலதான் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துனியளோ?"

"ஒருநாள்கூட ஊத்தல."

குனிந்த வாக்கிலேயே அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு! குழந்தை விழித்துக்கொண்டது.

"அறுத்து எடுத்துருதேன் கோமதி. குடத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"கைய வைக்காதிய. முத்தட்டும், வெதைக்கு வேணும்."

"அப்ப தண்ணி எடுக்க?"

"மண்குடம் கெடக்கு. வீட்டுக்கு மட்டும் எடுங்க. செடிக்கு ஒரு சொட்டு ஊத்திராதிய. நீங்க ஊத்துன கத்தரி என்னாச்சுன்னு..." ஊத்தவே இல்லை என்பது நினைவு வந்து மறுபடி சிரிப்பு. துடைப்பத்தை மூலையில் சாத்தினாள்.