கையெழுத்து வைக்காத அத்தானுக்கு

என் அன்பு அத்தான்,

நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. அக்கா கோல்டிங் நகரில் அதே வீட்டில்தான் இருக்கிறார். முழங்கால் நோகிறது என்கிறார், ஆனால் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார். நீங்கள் நூலகத்தில் கடைசியாக எடுத்திருந்த புத்தகத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அமெரிக்கா எப்படி ஒரு நாடானது என்று டெனிஷில் எழுதிய தடித்த புத்தகம். பாதியில் ஒரு பஸ் ரிக்கற் செருகியிருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இதைத் தனியாக எழுதி மடித்து வைத்திருக்கலாம். ஆனால் நான் செய்த பிழை சபையில் நடந்த ஒன்றைப் பற்றியது. அதனால் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கே கொடுக்கிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

உங்களைத் தெரியாத இளம் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவர் நீங்கள். இங்கே டென்மார்க்கில் இருபது வருடத்துக்கு மேல் இறைச்சி ஆலையில் எலும்பு பிரித்தீர்கள். சனிக்கிழமைகளில் அக்காவோடு ஒடென்சேக்கு வந்து எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, இருநூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்காவைப் பற்றிக் கதைப்பீர்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்பேன்.

அரசனை அடித்துக் கலைத்தவர்கள், வென்ற பிறகு தங்களுக்குத் தாங்களே பயந்தார்கள் என்பீர்கள். அதிகாரம் தங்கள் கைக்கு வந்தால் தாங்களும் அரசனைப் போலத்தான் நடப்போம் என்று அறிந்து, அதை மூன்றாகப் பிரித்து ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ள வைத்தார்கள். அந்தப் பயம்தான் உங்களுக்குப் பிடித்தது. அவர்களைப் பெரிதாகப் புகழவும் மாட்டீர்கள். விடுதலையைப் பற்றி அவ்வளவு எழுதியவர்கள் தங்கள் அரசியல் சட்டத்தில் அடிமை என்ற சொல்லையே எழுதாமல் சுற்றி வளைத்தார்கள் என்பீர்கள். "வெக்கம் இருந்தது, அதால சொல்லை விட்டவங்கள். ஆளை விடேல்ல," என்று ஒருநாள் சொன்னீர்கள்.

இன்னொன்றும் சொல்வீர்கள். கோடை வெக்கையில் யன்னலைப் பூட்டிக்கொண்டு அந்தச் சட்டத்தை எழுதி முடித்த கடைசி நாளில், அங்கே இருந்தவர்களில் மூன்று பேர் கையெழுத்து வைக்க மறுத்தார்கள். மக்களின் உரிமைகள் இதில் எழுதப்படவில்லை என்பது அவர்களில் ஒருவரின் குறை. ஆனாலும் ஏகமனதாக ஒப்புக்கொண்டதாகத் தோன்றும்படி சாமர்த்தியமாக ஒரு வசனத்தைக் கீழே எழுதினார்கள். அந்த ஒருவரின் காரணங்கள் அச்சாகி ஊரெல்லாம் போனபடியால்தான் சில வருடங்களில் அந்த உரிமைகள் சட்டத்தில் ஏறின. மறுத்தவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான் என்பதையும் நீங்கள் விடாமல் சொல்வீர்கள்.

பிறகு எங்கள் ஊரில் போரின் கடைசி மாதம் வந்தது. உங்கள் தம்பியும் மனைவியும் மகளும் கடற்கரையோரம் அந்தச் சின்னத் துண்டு நிலத்துக்குள் இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய், வந்து, போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். முதியோர் இல்லத்தில் நான் ஒரு கிழவிக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டே அழுதிருக்கிறேன். அந்த மனுசி என் கையைத் தடவிவிட்டா.

ஒரு ஞாயிறு மத்தியானம் பள்ளிக்கூட மண்டபத்தில் சங்கம் கூடியது. டென்மார்க் பாராளுமன்றத்துக்குக் கொடுக்க ஒரு அறிக்கை. எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் சங்கத்தின் செயலாளர், கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். தலைவர் அறிக்கையை வாசித்து முடித்ததும் நீங்கள் எழும்பினீர்கள்.

"ஆமி ஷெல் அடிக்கிறதை நிப்பாட்ட வேணும் எண்டு எழுதியிருக்கிறியள், சரி. எங்கட இயக்க ஆக்கள் சனத்தை வெளியில விட வேணும் எண்டும் ஒரு வரி எழுதுங்கோ. என்ர தம்பி போனில கேட்டது அது ரெண்டையும்தான்."

பின்னால் இருந்து ஒருவர் துரோகி என்றார். இன்னும் சிலரும் சொன்னார்கள். இது அதைக் கதைக்கிற நேரமில்லை என்று தலைவர் கெஞ்சினார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"அப்ப நான் இதில கையெழுத்து வைக்க ஏலாது. ஏன் வைக்கேல்ல எண்டதைக் குறிப்பில போடுங்கோ. வசந்தி, எழுதும்."

நான் எழுதினேன், அத்தான். கொப்பியில் பென்சிலால் ஒரு சொல் விடாமல் எழுதினேன். அடுத்த நாள் தலைவர் போன் எடுத்தார். அவருடைய சகோதரியும் அந்தத் துண்டு நிலத்துக்குள் இருந்தா. அழுதழுதுதான் கதைத்தார். எங்களுக்குள் பிரிவு என்று டெனிஷ்காரர் நினைத்தால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், ஏகமனதாக நிறைவேறியது என்று போடுங்கோ தங்கச்சி என்றார்.

அவர் சொன்னபடியால் எழுதினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது முழு உண்மையில்லை. அடுத்த மாதம் அதே மண்டபத்தில் என் மகளின் அரங்கேற்றம் இருந்தது. துரோகியின் மச்சாள் வீட்டு அரங்கேற்றத்துக்கு யார் வருவார்கள்? என் மனதில் ஓடியது அந்தக் கேள்விதான். 'ஏகமனதாக' என்று கணினியில் தட்டும்போது அந்த மூன்று பேரின் கதையும் ஞாபகம் வந்தது. வந்தும் தட்டினேன்.

சில நாட்களில் போர் முடிந்தது. உங்கள் தம்பியும் மனைவியும் இல்லை. எந்தப் பக்கத்தால் வந்த சாவு என்று சொல்லவும் ஆளில்லை. பிள்ளை மட்டும் முகாமில் இருப்பதாகச் செய்தி வந்தது.

அந்தத் துக்கத்தோடும் நீங்கள் அரங்கேற்றத்துக்கு வந்தீர்கள். கடைசி வரிசையில் உங்களுக்கும் அக்காவுக்கும் இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. மேடையில் நின்று எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து நான் பூக்களை ஒதுக்கிக்கொண்டு நிற்கும்போது கிட்ட வந்தீர்கள்.

"அண்டைக்கு நான் சொன்னதை எழுதினனீரோ?"

"ஓம் அத்தான், எழுதிப்போட்டன்."

"அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்," என்றீர்கள்.

அதன் பிறகு உங்களோடு கதைக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர். கோயிலில் பக்கத்தில் நிற்கமாட்டார்கள், கடையில் முகத்தைத் திருப்புவார்கள். நீங்கள் ஒருவரையும் கோபிக்கவில்லை. தம்பியின் மகளை இங்கே எடுப்பிக்க அலைந்தீர்கள், முடியவில்லை, அங்கேயே படிக்க வைத்தீர்கள். எங்கோ ஒரு தாளில் உங்கள் சொல் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு இருந்தீர்கள். நான் அதை நம்ப விட்டேன். ஒரு வருடமா, இரண்டு வருடமா? ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே குசினியில் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தபடி.

இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொல்லிவிட்டேன். தலைவி இப்போது இங்கே பிறந்த ஒரு பிள்ளை, பாதித் தமிழும் பாதி டெனிஷுமாகக் கதைக்கும். பழைய குறிப்பை அழிக்க முடியாது, கீழே திருத்தம் சேர்க்கலாம் என்றது. பென்சில் கொப்பியைத் திறந்து நீங்கள் சொன்னதை வாசித்தேன். இரண்டு குடும்பங்கள் எழும்பிப் போய்விட்டன. இரண்டாம் வரிசையில் இருந்த பழைய தலைவர் தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். அவரும் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவ நான் சொல்லித்தான் அப்பிடி எழுதினவ. அதையும் சேர்த்து எழுதுங்கோ."

உங்கள் சொல் இப்போது சங்கத்தின் குறிப்பில் இருக்கிறது. ஆனால் எனக்கு ஆறுதல் வரவில்லை. திரும்பி வரும்போது காருக்குள் என் மகள் டெனிஷில் கேட்டாள், பெரியப்பா உயிரோடு இருக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று.

அந்தக் கூட்டத்திலும் ஒன்றை மறைத்தேன். குறிப்பைப் பற்றிச் சொன்னேன், உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதைச் சொல்லவில்லை. அக்காவுக்கு இரண்டுமே தெரியாது. எல்லோரும் கைவிட்ட நேரத்தில் தங்கச்சியாவது எழுதினாளே என்று உங்கள் செத்தவீட்டில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர் அவர். கூட்டத்துக்கு வந்த ஒருவரும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மலர் அச்சுக்குப் போக முன்னம், வருகிற சனிக்கிழமை கோல்டிங்குக்குப் போவேன், அத்தான். வாசலில் நின்றே சொல்வேன், உள்ளே வரச் சொன்ன பிறகு இல்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். அவர் என்ன சொன்னாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, இந்தக் கடிதத்தின் கீழே சேர்த்து அனுப்புவேன். இது சத்தியம்.

உங்கள் மச்சாள்,
வசந்தி