சாச்சி தராத சான்று

சென்னை,
12.7.2006

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் ருக்சானாவின் ஸலாம். முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? சாத்தூரில் மழை உண்டா? நான் சுகமாக இருக்கிறேன்.

உங்கள் தங்கை சாச்சியின் பார்லரை விட்டுவிட்டேன் அம்மா. பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு முடி வெட்டுகிறேன். பயப்படாதீர்கள், வேலை நிறைய இருக்கிறது. என் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்று ஆடிட்டர் சொன்னார். தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தால் விபத்துக்கும் கல்யாணத்துக்கும் அரசு உதவி கிடைக்குமாம்.

அதற்கு, இந்தத் தொழில் செய்கிறேன் என்று யாராவது சான்று தர வேண்டும். ஆறு வருடம் சாச்சி கடையில் நின்றவள்தானே, அவரிடமே போய்க் கேட்டேன்.

"நீ எங்கன வேல பாத்தே? அக்கா மகளாச்சேன்னு வீட்டுல வச்சுச் சோறு போட்டேன், அம்புட்டுத்தான்" என்றார். நான் தொழில் பழக்கிய பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அங்கே அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு முடி வெட்டப் போனேன். கடைசியில், என்னிடம் முடி வெட்டிக்கொள்ளும் ஒரு டீச்சர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நலவாரிய அட்டை நேற்று வந்துவிட்டது.

கொஞ்சம் காரச்சேவு அனுப்புங்கள். கடிதத்தை நீளமாக எழுதுங்கள். இங்கே யாரும் என்னை ருக்கு என்று கூப்பிடுவதில்லை.

கல்யாணப் பெண் ஒருத்தி காத்திருக்கிறாள், கிளம்புகிறேன். பெருநாளுக்குச் சாச்சி வந்தால் எப்போதும்போலக் கவனியுங்கள், உங்கள் கூடப்பிறந்தவர். வரும் தேதியை மட்டும் எனக்கு எழுதிவிடுங்கள். அவர் போன பிறகு நான் வருகிறேன்.

ருக்சானா