பிரிக்காத பாக்கெட்

அன்புள்ள முன்னாள் கணவருக்கு,

விவாகரத்தின்போது மகளைக்கூட வேண்டுமென்று கேட்காமல் நீங்கள் கேட்டு வாதாடிய, ஆட்டக்காரர்களின் படங்கள் அடங்கிய அந்தப் பழைய பேஸ்பால் கார்டு பாக்கெட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஞாயிறுதோறும் அதை மோந்து பார்ப்பீர்கள். "பிரிச்சா செல்லாக்காசுடி. உள்ள எந்த ஆட்டக்காரன் இருப்பான்னு நினைச்சுக்கிட்டே இருக்கறதுதான் சுகம்" என்பீர்கள்.

நேற்று லோர்னா சொன்னாள்: "அம்மா, நான் அதைப் பிரிச்சு கார்டையெல்லாம் சைக்கிள் சக்கரத்துல சொருகிட்டேன். வெறும் அட்டைய வெட்டி உள்ள வச்சு, மேல சுத்தியிருந்த மெழுகுத்தாள அயர்ன் பாக்ஸால திரும்ப ஒட்டிட்டேன்."

பொய்யாகவும் இருக்கலாம். உங்களை அந்தப் பெண்ணோடு பார்த்ததாக அவள் சொன்ன அன்று, "பொய் சொல்றியாடி?" என்று கன்னத்தில் அறைந்தீர்களே, அதே லோர்னாதான். இப்போதும் அவளை நம்பாதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் பிரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பொய்க்காரியின் தாய்