ட்ரெபிளை ஏற்றிய பாட்டுகள்

19-1-2025, ஞாயிறு, பெரம்பலூர்

மாப்பிள்ளை ராஜராஜன் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார். அரியலூரிலிருந்து மகள் பூங்குழலி பேசினாள். "உங்க கேசட்டுப் பாட்டையெல்லாம் பென் டிரைவ்ல போட்டுத் தாங்கப்பா. அவரு வண்டியில கேக்கணுங்கறாரு."

எட்டு வருடமாக இந்தக் கம்ப்யூட்டரில் பத்திரிகைக்குச் செய்தி அடித்து அனுப்பியதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. இன்று டேப் ரெக்கார்டரை இதனுடன் இணைத்தேன். பாட்டு ஓட ஓடத் திரையில் கோடாகப் பதிகிறது. ஒரு பக்கம் முடித்துப் போட்டுக் கேட்டேன். போர்வைக்குள் இருந்து பாடுவது போல மந்தமாக இருக்கிறது. டேப்பின் ஹெட் அழுக்காக இருக்கலாம்.

22-1-2025, புதன்

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் மாற்றமில்லை. மணிவண்ணனின் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு? இன்னும் தொடச்சீங்கன்னா ஹெட்டே தேஞ்சிடும்" என்று சிரித்தார். வயரை மாற்றச் சொன்னேன். புது ஸ்பீக்கரும் வாங்கி வந்தேன். அதே மந்தம்.

24-1-2025, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. ட்ரெபிளை, அதாவது கீச்சொலிகளை மட்டும், கூட்ட வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் ஒரே நேரத்தில் கூட்டலாம். கூட்டினேன். வயலின் வந்தது. சலங்கை வந்தது. இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

கண்ணகி அடுப்படியிலிருந்து வந்தாள். "என்னங்க இது, தகரத்துல ஆணியப் போட்டு இழுக்கற மாதிரி?"

"தெளிவா இருக்கு பாரு."

"ரொம்பத் தெளிவு." கதவைச் சாத்திக்கொண்டாள்.

26-1-2025, ஞாயிறு

அரியலூர் போய் மகளையும் பேத்தியையும் பார்த்துத் திரும்பினோம். மாப்பிள்ளை பென் டிரைவைக் காரில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து "சூப்பர் மாமா" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டபோது பாட்டுப் போடவில்லை. "பேசிக்கிட்டே போலாம் மாமா."

2-2-2025, ஞாயிறு

பாட்டைப் பற்றிப் பூங்குழலி ஏதாவது சொன்னாளா என்று கண்ணகியிடம் கேட்டேன். முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு, "அதைப் போட்டாலே பாப்பா காதைப் பொத்திக்கிட்டு அழுவுதாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் முழிக்கறாங்க" என்றாள்.

ட்ரெபிள் கூட்டாத பதிவைப் போட்டேன். "இதுதாங்க பாட்டு" என்றாள். எனக்கு அதே போர்வை.

இந்தக் கம்ப்யூட்டர் தானே ஓர் ஒற்றை ஒலியை உண்டாக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்று உயர்த்திக்கொண்டே போகலாம். போனேன். ஓரிடத்தில் சத்தம் நின்றுவிட்டது. ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தேன். திரையில் கோடு அசைந்துகொண்டுதான் இருந்தது.

அடுப்படியிலிருந்து கண்ணகி கத்தினாள்: "அந்த விசிலை நிறுத்தித் தொலைங்களேன்!"

என்ன விசில்?

6-2-2025, வியாழன்

திருச்சி. காது டாக்டர். இரண்டு பக்கமும் போயிருக்கிறது. கருவி வைத்தால் வீட்டுப் பேச்சு கேட்கும், பெரிய கூடத்தில் பல பேர் பேசினால் சிரமம்தான் என்றார். நான் கேட்டதே அந்தக் கூடத்தைப் பற்றித்தான். அதுதானே என் பிழைப்பு? பத்திரிகை ஆபீசுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவ்வளவுதான், வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

10-2-2025, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மாவட்டம் பிரிந்த நாள் முதல் திங்கட்கிழமை என்றால் எனக்கு இங்கேதான். இன்று வாய் அசைவதைப் பார்த்து எழுதினேன். பக்கத்து நாற்காலி தமிழழகன், வேறு பத்திரிகை, டீக்கடையில் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சொன்னான். "அரும்பாவூர் ஆளுங்க வாய்க்கால் மேட்டர் சொன்னாங்களே, அதை விட்டுடாதீங்கண்ணே." வாயாடிப் பையன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

17-2-2025, திங்கள்

பதிவு செய்த பேச்சைக் கம்ப்யூட்டரே தமிழில் எழுதித் தருமாம். மணிவண்ணன் காட்டிக்கொடுத்தார். கூட்டத்தில் போனை மேசைமேல் வைத்துப் பதிந்து வந்து ஓடவிட்டேன். பிழைகள் உண்டு, ஆனால் மனுக்காரர்கள் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. இன்னும் சில வருடம் ஓட்டிவிடலாம்!

பிறகு முதலிலிருந்து படித்தேன். கூட்டம் தொடங்கும் முன்பே போன் பதியத் தொடங்கியிருக்கிறது. தமிழழகனும் போட்டோகிராபர் பூவரசனும் பேசிக்கொண்டது. யார் பேசியது என்று கம்ப்யூட்டர் எழுதவில்லை. பிரித்துக்கொள்ள எனக்குக் கஷ்டமில்லை.

— அண்ணனுக்குச் சுத்தமா காது கேக்கலடா.
— அதான் நீ வாரா வாரம் டீக்கடையில ஒப்பிக்கறியே.
— அவங்க ஆபீஸ்லேந்து என்னைக் கூப்பிட்டாங்க. அவரு எடத்துக்கு வரியான்னு.
— போயேன். சம்பளம் கூட வருமில்ல?
— அவரு இருக்கையில எப்படிடா?
— மெதுவா பேசு. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு.
— எப்படிப் பேசினாலும் ஒண்ணுதான்.

நான் அப்போது பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

அந்த வரிகளை நீக்கினேன். செய்தியை அடித்து அனுப்பினேன். கீழே ஆசிரியருக்கு ஒரு குறிப்பு: "அடுத்த வாரம் முதல் தமிழழகனைப் போடுங்கள். தயங்குவான். நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள். — இளையபெருமாள்"

24-2-2025, திங்கள்

கூட்டத்துக்குப் போகவில்லை. மிச்சமிருந்த கேசட்டுகளைப் பதிந்தேன். ட்ரெபிளைத் தொடவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கண்ணகியின் முகத்தைப் பார்த்தேன். தலையசைத்த பிறகே சேமித்தேன்.