நான் சேர்த்த வரி

12-3-1979, திங்கள்

நேற்று ஊர்க்கூட்டத்தில் சின்னப்பையனை, அவனைக் கூப்பிடாமலேயே, ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார்கள். போளூருக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். மாரியம்மன் பொங்கலுக்குச் சாமை கொடுக்க மாட்டேன் என்றான். அதுதான் குற்றம். இனி அவன் வீட்டார் சுனையில் தண்ணீர் எடுக்கக் கூடாது. ஊர்ப் புளியமரங்களில் பங்கு கிடையாது.

மதத்துக்காக மனிதரை வதைப்பது பழைய ராஜாக்கள் காலத்தோடு போயிற்று என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஊர்க் கவுண்டர் சொல்லச் சொல்ல எழுதியவனும் நான்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். அது இல்லாமல் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது; ஊருக்கே தெரிந்த விஷயம். அவர் சொல்லாத ஒரு வரியையும் கடைசியில் சேர்த்தேன்: 'அவனோடு பேசுகிறவர்களுக்கும் இதே தண்டனை.' எழுதியபோது அது எடுப்பாக இருப்பதாகப் பட்டது.

இன்று பள்ளி விட்டதும் சின்னப்பையன் அந்தக் காகிதத்தோடு வந்தான். கதவில் செருகியிருந்ததாம். பள்ளி வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லுங்க வாத்தியாரே."

படித்தேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

"தண்ணிக்குக் கூடவா?"

"ஊர் முடிவு."

"யாரு எழுதனதுங்க?"

"தெரியலையே."

காகிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே மேசைமேல் இருந்த என் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கண்ணாடி போடாமயே படிச்சிட்டீங்க," என்றான். கும்பிட்டுவிட்டுப் போனான்.