கீழிருந்து போராடியவளுக்கு

மூன்று நாளாக விடாத மழை. இன்று காலை மாடிக் கதவைத் திறந்ததும், காயாத விரிப்புகளின் ஈர வாடையும் பினாயிலும் கீழே கடையில் அடுக்கியிருக்கும் சிமெண்ட் மூட்டைகளின் தூசியும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ உள்ளே குனிந்து விரிப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாய் என்று கால் நம்பிவிட்டது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

ஹட்டன் டவுனில் ஹார்ட்வெயார் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இந்த மாடியை வாங்கியவள் நீதான். இரண்டு பெண்கள் கட்டிப் புரள மாடி கேட்டால் யார் தருவார்கள் என்று நான் வெட்கப்பட்டேன். நீ வெட்கப்படவில்லை. நானாவும் அதிகம் கேட்கவில்லை, மாடியில் கிடந்த மூட்டைகளை ஒரு பக்கமாக நகர்த்திக் கொடுத்தார்.

நாம் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் டவுனில் போட்டோகொப்பிக் கடைக்கு வேலைக்குப் போனேன். நீ அபுதாபிக்குப் போனாய். பெண்கள் ஜியு-ஜிட்சு என்ற தரைச் சண்டை பழகும் மண்டபம் ஒன்றில் துப்புரவு வேலை. பழக வந்தவர்களில் ஒருத்தி குறைந்தால் உன்னைக் கூப்பிட்டுப் படுக்கச் சொல்வார்களாம். புதுப் பிடி எதுவானாலும் முதலில் உன்மேல்தான் போட்டுப் பார்ப்பார்களாம். ஐந்து வருடம் அடியில் கிடந்தே நீ அந்தச் சண்டையைக் கற்றுக்கொண்டாய். கடைசி வருடம் அந்தப் பெண்கள் உன்மேல் ஏறவே யோசித்தார்கள் என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

நீ ஊர் திரும்பி, இந்த மாடியில் பழகத் தொடங்கிய முதல் நாள் என்மேல் ஏறி உட்கார்ந்தாய். நான் முதுகைத் தரையில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் உன்னைத் தள்ளினேன். மூச்சு முட்டியது. நீ அசையவே இல்லை.

"ஏன் செல்வி தள்ளுற? மேல இருக்கவளுக்குத்தான் அவசரம். நமக்கு என்ன அவசரம்? மொதல்ல மூச்சு விட எடம் எடு" என்றாய்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாய். மல்லாந்து தட்டையாகக் கிடக்கக் கூடாது, ஒருக்களிக்க வேண்டும். ஒரு முழங்கை அவள் கழுத்தோரம், ஒன்று அவள் இடுப்பில்; தள்ளுவதற்கு அல்ல, முட்டுக் கொடுத்து நிறுத்துவதற்கு. அவளை நகர்த்தப் பார்க்காதே, உன் இடுப்பை நகர்த்து. கிடைத்த சந்தில் முழங்காலை நுழை. நம் கால்கள் இருவருக்கும் நடுவில் வந்துவிட்டால், கீழே கிடந்தாலும் பிடி நம்முடையது. அவள் சட்டையின் கழுத்துப்பட்டியை இழுத்து அவள் தலையைக் குனிய வை. அவள் விழாமலிருக்கக் கை ஊன்றுவாள். ஊன்றிய அந்தக் கையைப் பிடித்து மடக்கி, அந்தப் பக்கமாகவே புரட்டு. நீ புரட்டும்போது நான் விழுவது தெரியாது. கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், அப்புறம்தான் தெரியும்.

மூன்று வருடம். நான் ஒருநாளும் உன்னை ஜெயித்ததில்லை. நீயாகவே முதலில் படுத்துக்கொண்டு, வா என்று கையை நீட்டுவாய்.

கொழும்பில் போட்டி என்று கேள்விப்பட்டு இருவருமே பெயர் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் நீ மாறினாய். படுக்க மறுத்தாய். "இன்னிக்கு நீ கீழ இரு, உனக்குத்தான் பழக்கம் காணாது" என்று வாரா வாரம் ஒரே காரணம் சொன்னாய். ஐந்து நிமிடத்தில் ஜன்னலோரம் போய் நின்றாய். உனக்கு என்னோடு பழகி அலுத்துவிட்டது என்று நினைத்தேன். அதை மனதிலேயே வைத்துக்கொண்டேன்.

நம் எடைப் பிரிவில் நான்கே பேர். இருவருமே முதல் சுற்றில் ஜெயித்ததால் கடைசிச் சுற்றில் எதிரெதிரே நின்றோம். எப்போதும் போல நீ உட்கார்ந்து என்னை உன் கால்களுக்குள்ளே இழுப்பாய் என்று காத்திருந்தேன். நீ நின்றபடியே என்னைத் தள்ளிவிடப் பார்த்தாய். உன் காலைப் பிடித்தேன், விழுந்தாய். உன் கால்கள் என்னைச் சுற்றி மூடவில்லை. சுலபமாகத் தாண்டி வந்து, நெஞ்சின் குறுக்கே படுத்து அழுத்தினேன். உன் கை என் இடுப்பில் வந்து பட்டது. பிறகு என் முதுகில் இரண்டு முறை தட்டினாய், தோற்றேன் என்று. நடுவர் என் கையைத் தூக்கினார். நீ வெளியே நடைபாதையில் போய், முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாய்.

திரும்பும் பஸ் கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நின்றபோது கேட்டேன்.

"விட்டுக் குடுத்தியா?"

நீ கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "ஆமான்னு வச்சுக்க" என்றாய்.

மூன்று வருடம் உழைத்ததற்குப் பிச்சை போட்டுவிட்டாய் என்று எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஐந்து ஞாயிறு மாடிக்கு வரவில்லை. நீ இரண்டு முறை போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை.

ஆறாவது வாரம் உன் அம்மா போட்டோகொப்பிக் கடைக்கு வந்தார். கையிலிருந்த துவாலையைப் பிரித்து, அதில் சுற்றி வைத்திருந்த கடதாசிகளை நீட்டி, கண்டி கிளினிக்குக்கு ரெண்டு ரெண்டு கொப்பி வேணும் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. முதல் பக்கத்தை மெஷின் கண்ணாடியில் வைக்கும்போது உன் பெயரைப் பார்த்தேன். இருதய வால்வு சுருங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. முதல் கிளினிக் தேதி போட்டிக்கு மூன்று வாரம் முந்தியது. "ஒன்கிட்ட சொல்லலையா புள்ள?" என்றார் அம்மா. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுத்த பக்கத்தை வைத்தேன்.

அன்று பின்னேரமே உன் வீட்டுக்கு வந்தேன். மூன்று தலையணையில் சாய்ந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். கோபப்படவில்லை. தேத்தண்ணி குடிக்கிறியா என்றுதான் கேட்டாய்.

"மல்லாந்து படுத்தா தண்ணிக்குள்ள முங்குன மாதிரி இருக்கு செல்வி. படுத்தே சண்ட புடிச்சவளுக்குப் படுக்க முடியல, பாத்தியா."

பிறகு ஏன் போட்டிக்கு வந்தாய் என்று கேட்டேன். "நீ தனியாப் போக மாட்ட, பேரக் குடுத்துட்டு ஓடிருவ" என்றாய். அது உண்மைதான். தலையணை உறையைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "எனக்கும் ஆசையா இருந்திச்சு. இனிமே விட மாட்டாங்கன்னு தெரியும்ல." பஸ்ஸில் ஏன் பொய் சொன்னாய் என்றதற்கு, ஜெயித்துவிட்டு வருகிறவளிடம் வேறு என்ன சொல்வது என்றாய்.

அதன்பிறகு நாள் தவறாமல் வந்தேன். ஒப்பரேஷனுக்குக் கண்டியில் நாள் கொடுத்தார்கள். அதற்கு எட்டு நாள் முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அம்மா சுடுதண்ணி எடுத்துவரப் போன நேரத்தில், உட்கார்ந்தபடியே போய்விட்டாய்.

வீட்டில் உன்னை மல்லாத்திப் படுக்க வைத்திருந்தார்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து உன் தலையைத் தூக்கி வைத்தேன். அம்மா எழுந்து போய் இன்னொன்றை எடுத்து வந்தார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று கொழும்பில் உன் கை என் இடுப்பில் பட்டபோதே அது உன் கை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடம் அந்தக் கையோடு மல்லுக்கட்டியவள் நான். அதில் பலமே இல்லை. உன் மூச்சு என் காதோரம் கீச்சிட்டது. ஏதோ சரியில்லை என்று தெரிந்தும், முதல் முறையாக மேலே இருக்கிற ருசியில், இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். நீ விட்டுக்கொடுத்தாய் என்று கோபப்பட்டதுகூட அதை மறைக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நாள் தவறாமல் உன் கட்டிலருகே உட்கார்ந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ மன்னித்துவிடுவாய் என்று தெரியும். அதற்குத்தான் பயந்தேன்.

இப்போது ஞாயிறுகளில் இந்த மாடிக்கு நான்கு பெண்கள் பழக வருகிறார்கள். அவர்களோடு பழகும்போது மேலே போக வாய்ப்புக் கிடைத்தாலும் என் முழுப் பாரத்தையும் யார்மேலும் இறக்க முடிவதில்லை. நெஞ்சில் நெஞ்சு பட்டதும் முதலில் அவள் மூச்சைத்தான் கேட்கிறேன். அது ஒரு நொடி தாமதித்தாலும் எழுந்துவிடுகிறேன். நான் மேலே இருந்தால் ஜெயிக்கத் தெரியாதவள் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நான் திருத்தவில்லை.